கொழுப்பைத் தாங்காத நாய்க்கு ரோயல் கெனின் ‘கெஸ்ட்ரோஇன்டெஸ்டினல் லோ ஃபெட்’: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

நாய்களின் சமிபாட்டுக் கோளாறுகளுக்குக் கால்நடை வைத்தியர்கள் பரிந்துரைக்கும் உணவுகளுள் ஒன்று, ரோயல் கெனின் நிறுவனத்தின் ‘கெஸ்ட்ரோஇன்டெஸ்டினல் லோ ஃபெட்’ என்ற உலர் உணவு. கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில் ஓராண்டுக்கு மேலாக இதைப் பயன்படுத்தி வருகிறோம். உண்பது ஜிம்மி. 12 கிலோ எடையும் ஆறு வயதும் கொண்ட, கருத்தடை செய்யப்பட்ட ஊர் நாய். கொழுப்பைத் தாங்காத வயிறு என்று வைத்தியர் கண்டறிந்த, வளர்ச்சி முடிந்த நாய்க்கு இந்த உணவு கொடுக்கும் பணத்துக்குத் தகும் என்பதும், வயிற்றோட்டம் என்றவுடன் எந்த நாய்க்கும் வாங்கிப் போடக்கூடிய பொது மருந்து இதுவல்ல என்பதும் என் முடிவு. முடிவின் முதற்பாதியைக் கடைக்காரர்கள் விருப்பத்தோடு சொல்வார்கள். இரண்டாம் பாதியை வாங்குபவரே தேடி அறிய வேண்டியிருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘கெஸ்ட்ரோஇன்டெஸ்டினல்’ என்பது ஒரு தனி உணவின் பெயராக மட்டும் நிற்பதில்லை, ஒரு குடும்பத்தின் பெயராகவும் இருக்கிறது. அதில் அடைமொழி இல்லாத சாதாரண வகை உண்டு, குட்டிகளுக்கான வகை உண்டு, நார்ச்சத்துக் கூடிய வகை உண்டு, கொழுப்புக் குறைந்த வகையும் உண்டு. சாதாரண வகையில் கொழுப்பு ஏறத்தாழ 20 வீதம், லோ ஃபெட் வகையில் ஏறத்தாழ 7 வீதம். நோயால் மெலிந்து, கொஞ்சமாகவே உண்ணக்கூடிய நாய்க்குச் சிறிய அளவில் அதிக சக்தி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே முதலாவது அவ்வளவு கொழுப்புடன் தயாரிக்கப்படுகிறது. அந்த நாய்க்கு அது நல்லது. கணைய அழற்சி வந்து தேறிய நாய்க்கு அதே பை நேரெதிரான பலனைத் தரக்கூடும். எனவே பையை வாங்குபவர் முகப்பைப் பார்த்துத் திருப்தியடையாமல், பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பகுப்பாய்வுப் பட்டியலில் கொழுப்பின் அளவை வாசித்துவிட்டே பணத்தைக் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லி எடுப்பிப்பவர்கள் அந்தப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பது நல்லது.

கொழுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரைப்பையிலிருந்து கொழுப்பு முன்சிறுகுடலுக்குள் வந்ததும் குடற்சுவர் ஒரு ஓமோனைச் சுரக்கிறது. அந்த ஓமோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்வதுடன், கணையத்தையும் நொதியங்களைச் சுரக்குமாறு தூண்டுகிறது. கொழுப்புக் கூடக்கூட இரைப்பை வெறுமையாகும் வேகமும் குறைகிறது. ஆரோக்கியமான நாய்க்கு இது அன்றாட வேலை. அழற்சியுற்ற கணையத்துக்கோ, கொழுப்பை உறிஞ்ச முடியாத குடலுக்கோ இது தாங்க முடியாத சுமை. உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடையும் கொழுப்பமிலங்களை அங்குள்ள பக்டீரியாக்கள் மாற்றியமைக்க, அவ்வாறு உருவாகும் பொருட்கள் குடலுக்குள் நீரைச் சுரக்கச் செய்கின்றன. நாம் வயிற்றோட்டம் என்று காண்பதில் ஒரு பகுதி இதன் விளைவு. காரம், மசாலா என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம். தேங்காய்ப்பாலையும் பொரித்த எண்ணெயையும் சந்தேகிப்பவர் குறைவு.

மட்டக்களப்புச் சமையலறையில் நாய்க்கு ஒதுக்கப்படும் பங்கை எண்ணிப் பாருங்கள். சொதி ஊற்றிய சோறு, கறிச்சட்டியைக் கழுவி எடுத்த குழம்பு, பொரித்த சூடை மீனின் தலை, கோழிக் கடையில் கேட்டால் கிடைக்கும் தோலும் கொழுப்பும். வயிறு கெட்டுவிட்டதென்றால் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் கைமருந்து தயிர். இங்கு தயிர் என்றால் பெரும்பாலும் சட்டியில் உறைந்த எருமைத் தயிர். எருமைப் பாலில் கொழுப்பு 7 முதல் 8 வீதம் இருக்கும். “அந்தப் பையிலும் 7 வீதம், தயிரிலும் 7 வீதம், பிறகென்ன?” என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பையிலுள்ள உணவில் நீர் பத்தில் ஒரு பங்கு அளவே, எருமைப் பாலிலோ ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீர். நீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எருமைத் தயிரின் திண்மப் பொருளில் 40 வீதத்துக்கு அண்மித்த அளவு கொழுப்பு. பையிலோ அது 8 வீதத்தைச் சுற்றியே நிற்கும். ஈர உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போது நீரைக் கழிக்காமல் எண்களை அருகருகே வைப்பது பயனற்ற வேலை. ரின்னில் வரும் உணவை வாங்குபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜிம்மிக்கு இந்த உணவு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மதிப்பீடு முழுமையாகாது. ஏனென்றால் இதன் பெறுமதி முழுவதும் அதற்கு முந்திய பரிசோதனைகளில் தங்கியிருக்கிறது. வீட்டில் விசேஷம் நடந்து ஓரிரு நாட்களுக்குள் ஜிம்மி மஞ்சளாகச் சத்தி எடுக்கும். முன்னங்கால்களையும் நெஞ்சையும் தரையில் பதித்து, பின்பகுதியை மட்டும் உயர்த்தியபடி நெடுநேரம் நிற்கும். விளையாட அழைக்கும் நாயும் இப்படித்தான் குனியும் என்பதால் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் வால் ஆடாது, கண் எங்கும் பாராது. மேல்வயிற்று வலியின் அடையாளமாக வைத்தியர்கள் கவனிக்கும் நிலை அது. மலம் வெளிறிய சாம்பல் நிறத்தில், மினுமினுப்பாக, அளவில் மிகுந்து வெளியேறியது. முற்றத்து மணலில் விழுந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், மேலே நெய்ப்படலம் மிதந்தது.

வயிற்றோட்டத்தின் தோற்றமே எந்தக் குடலில் பிழை என்பதை ஓரளவு காட்டிவிடும். அளவில் அதிகமாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை, உடல் மெலிவோடு வந்தால் சிறுகுடலைச் சந்தேகிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளியோடும் சிவந்த இரத்தத் துளியோடும் வந்தால் பெருங்குடல். பெருங்குடல் நோய்க்குப் பல வேளைகளில் நார்ச்சத்துத்தான் உதவும், கொழுப்பைக் குறைப்பதில் பெரிய பயன் இராது. எங்கள் வைத்தியர் இவற்றைக் கேட்டறிந்த பிறகும் உணவைப் பற்றிப் பேசவில்லை. மலப் பரிசோதனை, பூச்சி மருந்து, அதன் பின்னர் இரத்தத்தில் கணைய லைபேஸ் (கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியம்) அளவு என்று ஒழுங்காகச் சென்றார். கொழுப்பைத் தாங்காத வயிறு என்ற முடிவுக்கு அதன் பிறகே வந்தார். நமது சூழலில் மலப் பரிசோதனையைத் தவிர்த்துவிடுவது அறிவுடைமை ஆகாது. நாய்களின் குடலில் வாழும் கொக்கிப்புழு இனங்களுள் ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலேயே ‘சிலோன்’ இருக்கிறது: அன்கைலொஸ்டோமா சைலானிக்கம். மணலில் வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளையும் அது தொற்றக்கூடியது. புழு இருக்கும் வயிற்றுக்கு எவ்வளவு விலையுயர்ந்த உணவைக் கொடுத்தாலும் பயன் புழுவுக்கே.

பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாடும் ஆடும் கோழியுமே முதன்மை. மாவட்டத்தின் வாழ்வாதாரம் அப்படி என்பதால் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டிய நிலை வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீட மருத்துவமனையை நாடுவோர் உண்டு. நாட்டில் கால்நடை மருத்துவ பீடம் அது ஒன்றுதான். பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி பதுளை வழியாக நம் செங்கலடியில் வந்து முடிகிறது. வரைபடத்தில் ஒரே வீதியாகத் தெரியும் அந்தப் பயணத்தைச் சத்தி எடுக்கும் நாயோடு செய்வது எளிதான காரியமில்லை. எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

இனி உணவு. பையிலுள்ள பட்டியலின்படி அரிசி, கோதுமை, உலர்த்திய கோழியினப் புரதம் ஆகியவை முக்கியமானவை. இவற்றோடு பீட் கிழங்கின் சக்கை, மீனெண்ணெய், நற்பக்டீரியாக்களுக்கு உணவாகும் ஃப்ரக்டோ ஒலிகோசக்கரைட்டுகள், இசப்கோல் உமி ஆகியனவும் சேர்க்கப்பட்டுள்ளன. புரதம் ஏறத்தாழ 22 வீதம். மந்திரப் பொருள் என்று எதுவும் இல்லை. கொழுப்பைக் கட்டுப்படுத்தி, எளிதில் சமிக்கக்கூடிய மாப்பொருளையும் புரதத்தையும் அளந்து, உயிர்ச்சத்துகளையும் கனியுப்புகளையும் முழுமையாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பையிலும் அதே அளவு என்பதுதான் இதற்கு நாம் கொடுக்கும் விலையின் உண்மையான பொருள். கையிலெடுத்துப் பார்த்தால் உருண்டைகள் வறண்டு, ஓரங்களில் சற்றுத் தூள் படிந்திருக்கும். பழைய பத்திரிகைத் தாளில் ஒரு கைப்பிடியைப் பரப்பி, இன்னொரு தாளால் மூடி அழுத்தி வைத்தேன். முன்பு வாங்கிய சாதாரண நாய் உணவு விட்ட எண்ணெய்க் கறையில் சிறு பங்குகூட இதில் படியவில்லை. மணமும் மந்தம். மனிதர் மூக்குக்கு வறுத்த மாவின் வாசனைதான் முன்னுக்கு வரும், கோழியின் வாசனை பின்னால் மெல்லத் தெரியும்.

மந்தமான அந்த மணமே நாய்க்கு முதற்தடை. குழம்பில் ஊறிய சோற்றுக்குப் பழகிய ஜிம்மி முதல் வேளையில் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தது. வெதுவெதுப்பான தண்ணீர் சிறிது விட்டுச் சில நிமிடங்கள் ஊறவைத்தால் மணம் எழும், நாயும் உண்ணும். அதற்காகக் குழம்பைச் சேர்த்துவிடக் கூடாது. சேர்த்தால் ‘லோ ஃபெட்’ என்ற பெயருக்கே பொருளில்லை. பழைய உணவிலிருந்து புதியதற்கு மாறுவதை ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை நீட்ட வேண்டும். முதலில் கால் பங்கு, பின்னர் பாதி, முக்கால், இறுதியில் முழுவதும். அவசரமாக மாற்றினால் புதிய உணவே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும், வீட்டார் அதைப் பார்த்து உணவு பிழை என்று தூக்கியெறிவார்கள். வைத்தியர் நோயின் உச்சத்தில் உடனே மாற்றச் சொன்னால் மட்டும் இந்த விதி பொருந்தாது.

பலன் தெரிய நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. உணவால் குணமாகக்கூடிய குடல் நோய்களில் பெரும்பாலானவை இரண்டு வாரங்களுக்குள்ளேயே திருந்தத் தொடங்கிவிடும். தோல் நோய்க்கு உணவுப் பரிசோதனை செய்பவர்கள் எட்டு வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும் என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலத்தை மதிப்பிட 1 முதல் 7 வரையான ஓர் அளவுகோல் வைத்தியர்களிடம் உண்டு. 1 என்றால் உலர்ந்து உருண்டையாகச் சிதறுவது, 7 என்றால் வெறும் தண்ணீர், 2 என்றால் கெட்டியாகவும் ஈரப்பசையோடும் எடுத்த இடத்தில் அதிகம் ஒட்டாமலும் வருவது. ஜிம்மியின் மலம் 5க்கும் 6க்கும் இடையில் இருந்தது. இரண்டாவது வாரம் முடியுமுன் 3க்கு வந்தது, பின்னர் 2இல் நிலைத்தது. நிறம் பழுப்பாகியது, நெய்ப்படலம் மறைந்தது. நெஞ்சைத் தரையில் பதித்து நிற்கும் அந்த நிலையை அதன் பிறகு நாங்கள் காணவில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தக் காலத்தில் வெளியுணவு அனைத்தையும் நிறுத்தியிருந்தோம். எனவே இந்தப் பலனில் பையின் பங்கு எவ்வளவு, நிறுத்தியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் ஒன்றாகச் செய்யப்பட வேண்டியவை என்பதால் பிரிக்க வேண்டிய அவசியமும் எழவில்லை.

வெளியுணவை நிறுத்துவதுதான் இதில் கடினமான வேலை. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “என்ன மனே, வாயில்லாச் சீவனுக்கு இந்தக் கொட்டையை மட்டுமா போடுறாய்? ஒரு மீன் துண்டாவது குடு.” அன்பால் சொன்னது, வாதாடிப் பயனில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலம் வந்தால் பொங்கலும் பலகாரமும் ஊரெங்கும் நிறைந்திருக்கும், தெருவிலுள்ள எல்லா வீடுகளும் ஒரு நாய்க்குச் சோறு போடும். நாங்கள் படலையைக் கட்டி வைத்ததோடு, மாமியின் கையிலேயே ஒரு சிறு போத்தலில் இந்த உருண்டைகளைக் கொடுத்து, “கொடுக்க ஆசை வந்தால் இதைக் கொடுங்க மாமி” என்று சொல்லிவிட்டோம். நாளுக்குரிய பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்த உருண்டைகள்தாம் அவை. இது நன்றாகவே வேலை செய்தது. மாமிக்குக் கொடுத்த திருப்தி, நாய்க்கு மாமி கொடுத்த திருப்தி. நிலைமை சீரான பின்னர், நாளுக்குரிய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அவித்த பூசணிக்காயோ, தோல் நீக்கி அவித்த கோழி நெஞ்சுத் துண்டோ கொடுக்க வைத்தியர் அனுமதித்தார். முட்டையின் மஞ்சட்கருவில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு இருப்பதால் வெள்ளைக்கரு மட்டும்.

செலவைக் கணக்கிடும் முறையைச் சொல்கிறேன், ஏனெனில் பையில் அச்சிட்ட அட்டவணை ஒரு சராசரி மட்டுமே. உடல் எடையின் 0.75ஆம் அடுக்கை 70ஆல் பெருக்கினால் ஓய்வு நிலையில் நாய்க்குத் தேவையான கிலோகலோரி கிடைக்கும். கருத்தடை செய்யப்பட்ட, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க வேண்டும். 12 கிலோ நாய்க்கு முதலாவது ஏறத்தாழ 450, இரண்டாவது ஏறத்தாழ 720. இந்த உணவில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கிலோகலோரி உண்டு என்பதால், நாளொன்றுக்கு 200 கிராமுக்குச் சற்று அதிகம். 1.5 கிலோ பை ஒரு வாரத்துக்கே போதும். கொழுப்புக் குறைந்த உணவில் சக்தியும் குறைவு என்பதால் அளவு கூடுகிறது. இந்தச் செலவை வாங்கும் முன் நினைத்துப் பார்ப்பவர் அரிது. கண்ணால் மட்டிட்டுப் போடாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுவதே சிக்கனம்.

விலையை எண்ணில் எழுதினால் அடுத்த கப்பல் வரும்போது அது பொய்யாகிவிடும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஒன்றின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டிய பிறகு, இறக்குமதி நாய் உணவு எதுவும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டின் மாத அரிசிச் செலவுக்குக் கிட்ட ஒரு சிறிய பைக்குப் போகிறது என்று சொன்னால் அளவு புரியும். பெரிய பையில் கிலோவுக்குரிய விலை குறைவு. ஆனால் ஒரு நாயுள்ள வீட்டில் பெரிய பையைத் திறந்து வைத்துப் பல வாரம் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் நமது காற்று. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் கல்லடியில் மாரிக்காலத்தில் பப்படம்கூட ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். உணவிலுள்ள மீனெண்ணெய் காற்றோடும் வெப்பத்தோடும் சேர்ந்து சிக்கடித்துப் போகும், உயிர்ச்சத்துகளும் குறையும், ஈரம் ஏறினால் பூஞ்சணம். பையோடு சேர்த்து மூடியுள்ள ரின் ஒன்றுக்குள் வைக்க வேண்டும். உருண்டைகளைப் பையிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள் கொட்டினால், வாளியின் அடியில் தங்கும் பழைய எண்ணெய் அடுத்த பையையும் கெடுக்கும். திகதியும் தொகுதி இலக்கமும் பையில்தான் இருக்கின்றன என்பதும் ஒரு காரணம்.

இதோடு தொடர்புடைய ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். நகரில் ஒரு கடையில் இதே உணவை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பொலித்தீன் பையில் கட்டி விற்றார்கள். கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அது வசதியாகத் தெரியும். ஆனால் எப்போது திறந்த பை, எந்த வகை, காலாவதித் திகதி எது என்று கேட்டபோது ஒன்றுக்கும் பதில் இல்லை. கட்டியிருந்த பொதியை மூக்கருகே கொண்டுபோனால் பழைய தேங்காயெண்ணெயின் வாடை வந்தது. உருண்டைகளைப் பார்த்து 7 வீதமா 20 வீதமா என்று எவராலும் சொல்ல முடியாது. வைத்திய உணவை உதிரியாக வாங்குவது, பெயர் எழுதாத போத்தலில் மருந்து வாங்குவது போன்றது. வைத்தியரூடாகவோ, மூடிய பையைப் பற்றுச்சீட்டோடு தரும் விற்பனையாளரிடமிருந்தோ மட்டும் எடுக்க வேண்டும்.

இவ்வளவு செலவு எதற்கு, சோறும் அவித்த கோழியும் போதாதா என்ற கேள்விக்கு வருவோம். சில நாட்களுக்குப் போதும். திடீரென வயிறு கெட்ட நாய்க்கு, தோலும் கொழுப்பும் நீக்கி உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சு ஒரு பங்கும், குழைய வடித்த பச்சையரிசிச் சோறு இரண்டு பங்கும் நல்ல உணவு. தவிட்டோடு கூடிய சிவப்பரிசியில் நார் அதிகம் என்பதால் அந்நாட்களில் வெள்ளையரிசி ஏற்றது. மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் வேறு குறை வரும். ஜிம்மியின் நாள் தேவையை நிறைவு செய்ய 200 கிராம் அவித்த கோழியும் 300 கிராம் சோறும் கொடுத்தால் சக்தி சரியாகிவிடும். ஆனால் சுண்ணாம்புச் சத்து, ஏறத்தாழ 900 மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில், 100 மில்லிகிராம்கூட வராது. முட்டையோட்டைப் பொடி செய்து அதை ஈடுசெய்யலாம். நாகம் (துத்தநாகம்), செப்பு, அயடீன், உயிர்ச்சத்து டி, ஈ ஆகியவற்றுக்கு என்ன செய்வது? வீட்டுச் சமையலை நிரந்தரமாக்க விரும்புவோர் போசாக்கு அறிந்த கால்நடை வைத்தியரிடம் எழுத்தில் ஒரு செய்முறை பெற வேண்டும். அது கிடைத்தால் வீட்டுச் சமையலும் இந்தப் பைக்குச் சளைத்ததல்ல. நேரமும் ஒழுங்கும் உள்ள வீடுகளுக்கு அதுவே மேலானதாகவும் இருக்கலாம். பூண்டும் வெங்காயமும் எந்த வடிவிலும் கூடாது. அவை நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும்.

இந்த உணவு உதவாத நாய்களும் உண்டு. உணவு ஒவ்வாமைதான் காரணம் என்றால் இதை வாங்குவதில் பயனில்லை. இதில் கோழியினப் புரதமும் கோதுமையும் இருக்கின்றன. மாட்டிறைச்சி, பாற்பொருட்கள், கோழி, கோதுமை என்பவைதான் நாய்களில் ஒவ்வாமையை அதிகம் ஏற்படுத்துவதாக அறியப்பட்டவை. அத்தகைய நாய்க்கு, நோயெதிர்ப்புத் தொகுதி அடையாளம் காண முடியாதவாறு புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவு வேண்டும். ரோயல் கெனினில் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’, ஹில்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தில் ‘ஸெட்/டி’ ஆகியவை அந்த வகை. குட்டிகளுக்கும், சினையாக இருக்கும் அல்லது பாலூட்டும் நாய்களுக்கும் கொழுப்புக் குறைந்த உணவு பொருந்தாது. கணையம் நொதியமே சுரக்காமல் போன நாய்க்கு உணவை மாற்றினால் மட்டும் போதாது, வேளைதோறும் நொதியத் தூள் சேர்க்க வேண்டும். சத்தி நிற்காமல், தண்ணீரும் தங்காமல், சோர்ந்து படுத்துவிட்ட நாயை உணவால் திருத்த முயல வேண்டாம். அன்றே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

ஜிம்மியின் எடை முதலிரண்டு மாதத்தில் சற்றுக் கூடியது, பங்கைக் கொஞ்சம் குறைத்ததும் நிலைத்தது. உரோமம் முன்பு சொதிச் சோறு உண்ட காலத்தைவிட மினுக்கம் குறைந்திருப்பதாக அம்மா சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை என்றாலும், கொழுப்பைக் குறைத்தால் தோலில் வறட்சி வரக்கூடும் என்பதால் வைத்தியரிடம் அதைச் சொல்லி வைத்திருக்கிறோம். ஆண்டுக்கொரு தடவை இரத்தப் பரிசோதனை செய்து, இந்த அளவு கட்டுப்பாடு இன்னும் தேவையா என்று பார்க்கவும் அவர் சொல்லியிருக்கிறார்.

மட்டக்களப்பில் இதை எப்போதும் கடைத் தட்டில் எதிர்பார்க்க முடியாது. எங்களுக்கு வைத்தியரூடாகக் கொழும்பில் சொல்லி, பேருந்துப் பொதியாக வருகிறது. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து நண்பர்களும் அவ்வாறே எடுப்பிக்கிறார்கள். பொதியைப் பெற்றவுடன் பையின் தையல், காலாவதித் திகதி, கொழுப்பின் வீதம் மூன்றையும் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் பொலன்னறுவை வீதி மூடப்பட்டுப் பொதி வழியிலேயே தங்கிவிடும். அந்த நேரத்தில் கையிலிருப்பது தீர்ந்து, திடீரென்று வேறு உணவுக்கு மாறுவதுதான் இவ்வகை நாய்க்கு ஆகாதது. எனவே ஐப்பசி பிறக்கும்போதே திறக்காத இரண்டு சிறிய பைகள் வீட்டில் இருக்கும்படி சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.